பொன்முடிப் பயணத்தில் கற்ற பாடம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் மேடைப் பேச்சாளன் அல்லேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கூறி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வேயில் எழுத்தனாகக் காலம் கழிப்பவன். சான்றோர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில் இலக்கியம் பேசும் தகுதி எனக்கு இல்லை. 'பயணம் சென்று வந்தீர்களே, அதைப் பற்றியேனும் கால் மணி நேரம் பேசுங்கள்' என்று செயலாளர் பணித்தார். ஒப்புக்கொண்டேன். அவர் பணித்தது மட்டும் காரணமன்று. இச்சங்கத்திற்கு நான் தீர்க்க வேண்டிய கடன் ஒன்று இருக்கிறது. அதைத் தீர்க்க இம்மேடையே தக்க இடம்.

சென்ற ஆண்டு விழாவை நினைவுகூருங்கள். நம் சங்கத்திற்காக நெடுங்காலம் உழைத்த பெரியோர் ஐவருக்குக் கைத்தறி ஆடை போர்த்திச் சிறப்புச் செய்தோம். அந்த ஆடைகளை வாங்கும் பொறுப்பைச் செயற்குழு என்னிடம் ஒப்படைத்தது. ஒதுக்கிய தொகையில் மூன்றில் ஒரு பங்கிலேயே, கசவுக் கரையிட்ட ஐந்து வேட்டிகளையும் ஐந்து மேலாடைகளையும் நகரத்துக் கடை ஒன்றில் வாங்கி வந்தேன். 'கைத்தறிதானே?' என்று கேட்டேன். 'ஆம்' என்றார் கடைக்காரர். மீதியைப் பொருளாளரிடம் கொடுத்துக் கணக்கில் 'மிச்சம்' என்று எழுதினேன். செயற்குழு என் சிக்கனத்தைப் பாராட்டிக் குறிப்பேட்டிலும் பதிவு செய்தது. நானும் மகிழ்ந்தேன்.

சிறப்புப் பெற்ற ஐவருள் ஒருவர், இருபது ஆண்டு நமக்குப் பொருளாளராக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பர். இதோ, முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய இசைவைப் பெற்றே இதைச் சொல்கிறேன். வடசேரியில் பிறந்தவர், என்னிலும் மூத்தவர், நான் அவரை 'அண்ணாச்சி' என்றே அழைப்பது வழக்கம். மேலாடையைத் தோளில் போர்த்தியதும் அவர் அதன் ஓரத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து மெல்லத் தேய்த்துப் பார்த்தார். ஒரு முறை திருப்பியும் பார்த்தார். பின்னர்ப் புன்னகை செய்து கைகூப்பி அமர்ந்துவிட்டார். நான் அதைக் கண்டேன், பொருள் விளங்கவில்லை. விளங்கியது ஓராண்டு கழித்து, பொன்முடி மலையின் உச்சியில்.

இவ்வாண்டு ஆவணியில், ஓணத்திற்கு முந்தைய வாரம் அண்ணாச்சி என் வீட்டிற்கு வந்தார். 'தம்பி, திருவனந்தபுரத்தில் ஓணக் கைத்தறிச் சந்தை கூடியிருக்கிறது. சனிக்கிழமை அதைப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை பொன்முடிக்கு ஏறி வருவோம். எனக்கும் பாஸ் இருக்கிறது, உமக்கும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?' என்றார். என் மனைவி வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல் ஒன்றை என் சட்டைப்பையில் வைத்தாள். வெள்ளி இரவு வண்டியேறினோம்; விடியும்போது திருவனந்தபுரம் சேர்ந்தோம்.

சந்தைக்குப் போவோம் என்று நான் புறப்பட, அண்ணாச்சி என் கையைப் பற்றி நிறுத்தினார். 'சந்தை பிற்பகலில். துணி பிறக்கும் இடத்தை முதலில் பார்ப்போம்' என்று சொல்லி, நாகர்கோவில் செல்லும் பாசஞ்சர் வண்டியில் ஏற்றிவிட்டார். நேமத்தைக் கடந்து சற்று நேரத்தில் பலராமபுரம் என்னும் சிறு நிலையத்தில் இறங்கினோம்.

அன்பர்களே, நம்மில் பலர் அந்த நிலையத்தைக் கடந்து எத்தனையோ முறை ஊருக்குப் போய் வந்திருப்போம். அங்கே நம் வரலாறு ஒன்று உறங்குவதை அறியோம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்டவர் பலராமவர்மர். அவர் பெயரால் அமைந்ததே அவ்வூர். வேலுத்தம்பிக்குப் பின் தளவாயாக இருந்த உம்மிணித்தம்பியின் முயற்சியால், நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து சாலியர் குடும்பங்கள் அங்கே குடியேற்றப்பட்டன. அரச குடும்பத்திற்கு வேண்டிய மெல்லிய ஆடைகளை நெய்து தருவதே அவர்களுடைய பணி. நாம் பிழைப்பை நாடி இம்மலையாள மண்ணுக்கு வந்தோம். நமக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தறியைச் சுமந்து வந்தவர்கள் அவர்கள்.

அவர்கள் தெருவில் நாங்கள் நுழைந்தபோது காலை வெயில் ஏறவில்லை. தெருவின் நெடுகிலும் பாவு நீட்டப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கான வெண்ணூல் இழைகள் ஒரே மட்டத்தில் நீண்டு கிடந்தன. அரிசிக் கஞ்சி தோய்த்த அந்தப் பாவை, இருவர் நீண்ட தூரிகையால் நீவிக்கொண்டே முன்னும் பின்னும் நடந்தனர். வெயில் ஏறினால் கஞ்சி விரைந்து உலர்ந்துவிடும். மழை பெய்தால் எல்லாம் பாழ். ஆகவே விடியற்காலையே பாவுக்கு நேரம். கஞ்சியேறிய இழைதான் தறியில் அறாமல் நிற்கும் என்று அண்ணாச்சி விளக்கினார்.

அங்கே பயன்படும் நூலில் நூறாம் நம்பரும் உண்டு. அது என்ன கணக்கு என்று கேட்டேன். ஒரு சிட்டம் என்பது 840 கஜம். ஒரு பவுண்டு நிறையில் நூறு சிட்டம் அடங்குமானால் அது நூறாம் நம்பர் நூல் என்றார். எழுத்தன் அன்றோ நான்? அங்கேயே நின்று பெருக்கினேன். 84,000 கஜம், ஏறக்குறைய 48 மைல். அரைக் கிலோவுக்கும் குறைவான நூலைப் பிரித்து நீட்டினால், திருவனந்தபுரத்தில் தொடங்கி நாகர்கோவில் நிலையத்தையும் தாண்டிப் போகும்! அந்த இழை ஒவ்வொன்றும் மனிதர் விரல்பட்டுத் தறிக்குப் போகிறது.

ஒரு வீட்டின் திண்ணையில் இருந்த முதியவரை வணங்கி, தறியைப் பார்க்க வேண்டும் என்றோம். அன்போடு அழைத்துச் சென்றார். குழித்தறி. தரையில் வெட்டிய பள்ளத்தில் கால்களைத் தொங்கவிட்டு மிதியை மிதித்தபடி, நாடாவை வலக்கையால் எறிந்து இடக்கையால் பிடித்தார். அச்சை இழுத்து அடித்தார். மீண்டும் இடமிருந்து வலம் எறிந்தார். இங்கிலாந்தில் 1733-இல் ஜான் கே என்பவர் விசைநாடாவைக் கண்டுபிடித்தார். கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும், வேலையும் விரையும். உலகமெங்கும் அது பரவிய பின்னரும் பலராமபுரத்தார் கைநாடாவை விட்டுவிடவில்லை. கையால் எறிந்து நெய்யும் துணிக்கு உள்ள நெருக்கமும் மென்மையும் வேறு எதிலும் வாரா என்பது அவர்கள் துணிபு.

அம்முதியவர் மலையாளத்தில்தான் பேசினார். எங்கள் இருவர் பேச்சைக் கேட்டுச் சிரித்து, 'என் பாட்டி இப்படித்தான் பேசுவாள். கேட்டால் விளங்கும், பேச வாராது' என்றார். பின்னர் அண்ணாச்சி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். 'தறி' என்றார் இவர். 'தறி' என்றார் அவர். 'அச்சு' என்றார், 'அச்சு' என்றார் அவரும். 'பாவு' என்றார், 'பாவு' என்றே விடை வந்தது. நாம் 'ஊடும் பாவும்' என்கிறோம். மலையாளத்தாரும் 'ஊடும் பாவும்' என்றே சொல்கின்றனர். அந்த வீட்டில் தமிழ்ப் பேச்சு போய்விட்டது. தறியில் மட்டும் தங்கியிருந்தது. எனக்கு அது மகிழ்ச்சியா, துயரமா என்று சொல்லத் தெரியவில்லை.

விடைபெறும்போது அம்முதியவர் முடிக்கும் நிலையில் இருந்த ஒரு நேரியதின் கரையைத் திருப்பிக் காட்டினார். 'எந்தப் பக்கம் மேற்புறம், சொல்லுங்கள்' என்றார். நான் பலமுறை பார்த்தும் சொல்ல இயலவில்லை. கசவுக் கரை இரு புறமும் ஒன்றாகவே இருந்தது. 'அதுதான் எங்கள் முத்திரை' என்றார். அந்தத் துணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெருமையுண்டு. ஆயினும் அவருடைய மகன் தறிக்கு வரவில்லை. நகரத்தில் வேறு வேலை பார்க்கிறான். 'கூலி போதாது. நானே போகச் சொன்னேன்' என்று அவர் சொன்னபோது அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிற்பகல் சந்தைக்கு வந்தோம். ஓணக் கூட்டத்தைச் சொல்லவும் வேண்டுமோ! 1961-இல் தோன்றிய ஹான்டெக்ஸ், 1968-இல் தோன்றிய ஹான்வீவ் ஆகியவற்றின் கடைகளும், பல ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களின் கடைகளும் நிறைந்திருந்தன. துணி மட்டுமா? நார்ப் பொருள்களும் மலிந்திருந்தன. தென்னை மட்டையைக் காயல் நீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து, அடித்து நாரெடுத்து, ராட்டில் திரித்த கயிறு ஒருபுறம். நம் 'கயிறு'தான் மலையாளத்தில் 'கயர்' ஆகி, ஆங்கிலேயர் வாயிலும் புகுந்து உலகெங்கும் வழங்குகிறது. இம்மாவட்டத்துக் கடற்கரை ஊராகிய அஞ்சுதெங்கின் பெயரால் ஒரு வகைக் கயிறே வாணிக உலகில் அறியப்பட்டிருக்கிறது. 1859-இல் ஜேம்ஸ் டாரா என்பவர் ஆலப்புழையில் கயிற்றுப் பாய் நெய்யும் ஆலை தொடங்கிய பின்னர் அத்தொழில் கடல் கடந்து புகழ்பெற்றது. முள் நீக்கி, வேகவைத்து, உலர்த்தி, கீறிப் பின்னிய தாழைப் பாய்கள் மற்றொருபுறம். தாழைப் பாயைக் கண்டதும் எனக்குத் தாமிரபரணிக் கரையும் பத்தமடைக் கோரைப் பாயும் நினைவில் வந்தன. நாரும் புல்லும் ஓலையும் எங்கும் உள்ளனதாம். அவற்றைப் பொருளாக்கும் விரல்களே அரியன.

என் மனைவியின் பட்டியலில் முதலில் இருந்தது கசவுச் சேலை. சந்தையைச் சுற்றிவிட்டு வெளியே வந்தபோது, வாயிலுக்கு அப்பால் ஒரு தனிக்கடையில் மலிவான சேலைகள் குவிந்திருந்தன. விலையைக் கேட்டதும் என் கை தானே நீண்டது. 'கைத்தறி' என்று அட்டையும் தொங்கியது. அண்ணாச்சி ஒன்றும் தடுக்கவில்லை. 'காலையில் பார்த்தீரே தம்பி, நீரே பார்த்துச் சொல்லும்' என்றார்.

கரையைத் திருப்பினேன். மேற்புறம் பளபளத்த பூவேலையின் பின்புறத்தில் இழைகள் பிடிப்பின்றி மிதந்து கிடந்தன. நகம் பட்டால் சிக்கும். துணி முழுவதும் அச்சடித்தாற்போல் ஒரே சீராக இருந்தது. கை அடித்த அடியின் சிறு ஏற்றத்தாழ்வு எங்கும் இல்லை. விசைத்தறித் துணி என்று ஐயத்திற்கு இடமின்றி விளங்கிற்று. அதுமட்டுமன்று. அந்தக் கரையில் இருந்த பூவேலை எனக்கு நன்கு அறிமுகமானது. சென்ற ஆண்டு இதே மேடையில் ஐந்து பெரியோர் தோளில் நான் போர்த்தக் கொடுத்த ஆடையின் கரையும் அதுவே!

அன்பர்களே, அந்தக் கணத்தில் என் உடல் குன்றியது. அண்ணாச்சியை நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. அவரோ ஒன்றும் அறியாதவர்போல், 'வாரும், தேநீர் அருந்துவோம்' என்று நடந்தார். அன்றிரவு விடுதியில் எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் காலை தம்பானூரில் அரசுப் பேருந்து ஏறினோம். நெடுமங்காடு, விதுரை, கல்லாறு என்று வழி நீள்கிறது. பொன்முடி திருவனந்தபுரத்திற்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவில், அகத்தியமலைத் தொடரைச் சார்ந்து, 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கல்லாற்றைக் கடந்தால் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். பொதிகை முனிவன் தமிழ் வளர்த்ததாக நாம் போற்றும் மலைத்தொடரல்லவா அது? அந்நினைவே என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது.

அம்மலைகளின் தொன்மைக் குடிகள் காணி மக்கள். மலைத் தெய்வங்கள் அங்கே பொன்னைக் காத்து நிற்பதாக அவர்களிடையே நம்பிக்கை உண்டு; அதனால்தான் பொன்முடி என்ற பெயர் என்பர். அவர்களைப் பற்றிய ஒரு செய்தியை அண்ணாச்சி வழியில் சொன்னார். 1987-இல் பாலோட்டுத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தாரைச் சேர்ந்த அறிவியலாளர் அகத்தியமலைக் காட்டில் சுற்றியபோது, வழிகாட்டிய காணியர் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடந்தனராம். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியிலிருந்து பின்னர் 'ஜீவனி' என்ற மருந்து ஆக்கப்பட்டது. அம்மருந்தின் உரிமத்தால் நிறுவனம் பெறும் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடு செய்யப்பட்டது. 'அறிவு யாருடையதோ, அவருக்குப் பங்கு. நியாயம் அதுதானே தம்பி?' என்றார். அவர் எதை எண்ணிச் சொன்னாரோ, என் நெஞ்சில் அது தைத்தது.

விதுரையில் வண்டி சற்று நின்றது. வழியோரத்தில் ஒரு மூதாட்டி ஈத்தையால் முடைந்த கூடைகளை விற்றுக்கொண்டிருந்தாள். விலை கேட்டேன், சொன்னாள். பழக்க தோஷம், பாதி விலைக்குக் கேட்டுவிட்டேன். அவள் சினக்கவில்லை. தன் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். ஈத்தைச் சிராய் கீறிய தழும்புகள் கோடு கோடாக இருந்தன. கேட்ட விலையைக் கொடுத்துக் கூடையை வாங்கிக்கொண்டேன். அக்கூடை இன்று என் வீட்டில் காய்கறிக்குப் பயன்படுகிறது.

மலையுச்சியை அடைந்தோம். எங்கும் பசும்புல். மழைக்காலத்து மூடுபனி திரண்டு வந்து மூடும். சற்று நேரத்தில் விலகும். விலகினால் கீழே அடுக்கடுக்காக மலைகளும் தேயிலைத் தோட்டமும் தெரியும். குழந்தைகள் பனியைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தனர். ஒரு பாறையில் இருவரும் அமர்ந்தோம். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

'அண்ணாச்சி, சென்ற ஆண்டு உங்கள் தோளில் போர்த்தியது விசைத்தறித் துணி. அது உங்களுக்கு அன்றே தெரியும்' என்றேன்.

'தெரியும்' என்றார்.

'ஏன் சொல்லவில்லை?'

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர்ச் சொன்னதை என்னால் இயன்றவரை அவர் சொற்களிலேயே கூறுகிறேன்.

'தம்பி, எங்கள் வீட்டில் இரண்டு தறிகள் இருந்தன. என் தந்தை நெய்வார். தாய் தார் சுற்றுவாள். பள்ளி விட்டு வந்தால் நான் பாவில் அறுந்த இழையைப் பிணைப்பேன். ஊர்க் கடை ஒன்றில்தான் எங்கள் வேட்டிகள் விலைபோகும். எனக்குப் பதினான்கு வயது இருக்கும். ஒரு நாள் தந்தையோடு நானும் கடைக்குப் போனேன். அங்கே எங்கள் வேட்டியைப் போன்றே கரையிட்ட வேட்டிகள் அடுக்கியிருந்தன. விலை எங்கள் வேட்டியில் பாதி. தந்தை ஒன்றை எடுத்து, இதோ இப்படி, ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "இது கைத்தறி இல்லையே, முதலாளி" என்றார். கடைக்காரர் சிரித்தார். "வாங்குகிறவனுக்குத் தெரியவில்லை, உமக்கு மட்டும் தெரிந்து என்ன பயன்?" என்றார். தந்தை மறுமொழி சொல்லவில்லை. கொண்டுபோன வேட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டிற்கு நடந்தார். அடுத்த ஆண்டு ஒரு தறி விறகாகப் போயிற்று. அதற்கடுத்த ஆண்டு மற்றொன்று. நான் படித்து ரயில்வேக்கு வந்தேன். மேடையில் அந்தத் துணி தோளில் பட்டதும் என் விரல்கள் தாமே தேய்த்துப் பார்த்தன. கடை வாசலில் நின்ற தந்தையின் முகம் எதிரே வந்தது. அவ்வளவுதான். நீர் அன்போடு வாங்கி வந்தீர்; சபையில் எப்படிச் சொல்வது?'

நான் அழுதேன் என்று சொல்ல நாணவில்லை. 'மன்னித்துவிடுங்கள்' என்றேன்.

'உம்மீது குறையில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். கணக்கில் மிச்சம் என்று எழுதினீரே, அந்த மிச்சம் யாருடையது?'

அந்த வினாவிற்கு விடை தேடிக்கொண்டே மலையிறங்கினேன். இருபத்திரண்டு வளைவுகளும் போதவில்லை.

அன்பர்களே, இனி என் கருத்தைச் சுருக்கிக் கூறி முடிக்கிறேன். விசைத்தறியை நான் பழிக்கவில்லை. ஏழை எளியவர் மானம் காப்பதும் அதுவே. அதிலும் உழைப்பவர் நம் மக்களே. விசைத்தறித் துணியை விசைத்தறித் துணி என்றே விற்றால் யாருக்கும் தீங்கில்லை. கைத்தறி என்று பொய்ப்பெயர் சூட்டி விற்பதே தீங்கு. கைத்தறியைக் காக்கவே 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சேலை, வேட்டி முதலிய சிலவற்றில் குறிப்பிட்ட வகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. 2006-இல் கைத்தறி முத்திரையும் வந்தது. 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் கல்கத்தாவில் எழுந்த சுதேசி முழக்கத்தை நினைந்து, 2015 முதல் அந்நாள் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. முதல் விழா நம் சென்னையில்தான் நடந்தது. 2019-20-இல் வெளியான நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் கைத்தறித் தொழிலை நம்பி வாழும் தொழிலாளர் 35 லட்சத்திற்கு மேல். அவருள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள். கேரள அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தறிச் சீருடை வழங்கத் தொடங்கியது பல தறிகளுக்கு உயிரூட்டியிருக்கிறது. ஆயினும் சட்டமும் முத்திரையும் விழாவும் அரசும் எவ்வளவு செய்தாலும், வாங்குகிறவன் துணியைத் திருப்பிப் பார்க்காவிடில் என்ன பயன்? 'வாங்குகிறவனுக்குத் தெரியவில்லை' என்றாரே அக்கடைக்காரர், அந்த வாங்குகிறவன் வேறு யாருமல்லன், நான்தான்.

மற்றொன்று. பலராமபுரத்து முதியவரை நான் மறக்க முடியவில்லை. அவருடைய முன்னோர் இம்மண்ணுக்கு வந்து நெய்த துணி இன்று மலையாளத்தாரின் பெருமையாக விளங்குகிறது. ஓண நாளில் அதை உடுத்தாத பெண் இல்லை. வந்த நாட்டிற்குப் பயன்பட வாழ்தல் எப்படி என்பதை அவர்கள் காட்டினர். அதை நாமும் கற்போம். ஆனால் 'கேட்டால் விளங்கும். பேச வாராது' என்றாரே, அது நம் பேரக் குழந்தைகள் சொல்லப்போகும் சொல்லாக வேண்டாம். நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பாய்கள் காலியாகக் கிடப்பதை நான் காண்கிறேன். பள்ளியில் மலையாளம் படிக்கட்டும், ஆங்கிலம் படிக்கட்டும். வீட்டில் தமிழ் இருக்கட்டும். பாவு மட்டும் இருந்தாலும் துணி இல்லை. ஊடு மட்டும் இருந்தாலும் துணி இல்லை.

முடிவாக என் கடன். சென்ற ஆண்டு 'மிச்சம்' என்று எழுதிய தொகையைச் சங்கம் வேறு செலவுகளுக்குப் பயன்படுத்திவிட்டது. அதே தொகையை என் கைப்பணத்திலிருந்து இவ்வாண்டு ஒதுக்கீட்டோடு சேர்த்து, பலராமபுரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் பத்து மேலாடைகள் வாங்கி வந்திருக்கிறேன். ஐந்து இவ்வாண்டுப் பெரியோர்க்கு. ஐந்து சென்ற ஆண்டுப் பெரியோர்க்கு; அவர்களிடம் மன்னிப்பும் வேண்டுகிறேன். இனி நம் சங்கம் சிறப்புச் செய்யும் ஆடைகளைக் கைத்தறிச் சங்கங்களிலேயே வாங்குவது என்று இப்பொதுக்குழு தீர்மானம் இயற்ற வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள்.

விழா முடிந்ததும் தாய்மார்களும் குழந்தைகளும் மேடைக்கு வாருங்கள். அந்த ஆடைகளைத் தொட்டுப் பாருங்கள், திருப்பியும் பாருங்கள். இரு புறமும் ஒன்றாக இருக்கும். கைத்தறியைக் கண்டறியும் வழியை அண்ணாச்சியே உங்களுக்குக் காட்டுவார். அறிந்தவர் தொகை இக்காலனியில் இன்று ஐம்பது குடும்பமாகப் பெருகட்டும்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!